பெண்ணும் இரவுப் பணியும்: தொழில்நுட்பத் துறையில் பாலின விவாதத்தின் வரலாறு – உப்பலை முன்வைத்து

முன்னுரை

தொழில்நுட்பத் துறையில் பெண்களின் இடம் குறித்த விவாதம் பெரும்பாலும் இரு முனைகளில் நின்றே நிகழ்ந்து வருகிறது. பெண் இயல்பிலேயே வேறானவள், ஆதலால் அவளுக்குத் தனி விதிகள் வேண்டும் என்பது ஒரு முனை. பெண்ணுக்கும் ஆணுக்கும் வேறுபாடில்லை, ஆதலால் தனி விதி எதுவும் கூடாது என்பது மறுமுனை. இரண்டும் 'பெண் என்பவள் யார்' என்னும் அடையாள வினாவிலிருந்தே தொடங்குகின்றன. அடைக்கப்பட்ட கதவைத் தட்டுவதற்கு அடையாளம் தேவைப்படுகிறது. கதவு திறந்தபின் உள்ளே என்ன மாற வேண்டும் என்பதற்கு அடையாளம் மட்டுமே விடை தருவதில்லை. இவ்விரு நிலைகளுக்கும் இடையே விவாதம் எவ்வாறு நகர்ந்தது என்பதைப் பெண்களின் இரவுப் பணி குறித்த சட்ட வரலாற்றின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஐதராபாத்தின் கிழக்குப் பகுதியாகிய உப்பல் இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

உப்பல்: ஒரே நிலம், இரு சட்டங்கள்

வாரங்கல் செல்லும் சாலையில், மூசி ஆற்றுக்கு வடபால் அமைந்த உப்பல், 2007இல் பெருநகர ஐதராபாத் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தொழில்நுட்ப நகரம் என்றதும் மேற்கே மாதாப்பூரில் 1998இல் திறக்கப்பட்ட சைபர் டவர்ஸ் கட்டடமே பலருக்கும் நினைவில் எழும். எனினும் அறிவியல், தொழில் ஆகியவற்றின் வரலாற்றில் கிழக்குப் பகுதி மூத்தது. 1961இல் தோன்றிய தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் உப்பல் சாலையிலேயே அமைந்துள்ளன. இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனமும் உப்பலில் உள்ளது. இவற்றுக்கு அருகே உப்பல் தொழிற்பேட்டை விரிகிறது.

இத்தொழிற்பேட்டைப் பகுதியில் ஆலைகளுக்கு அண்மையிலேயே மென்பொருள், அழைப்பு மையப் பணிகளுக்கான வளாகங்களும் பின்னர் எழுந்தன. தகவல் தொழில்நுட்பத் துறையை மேற்கிலிருந்து நகரின் பிற பகுதிகளுக்கும் பரவச் செய்யத் தெலங்கானா அரசு 2020இல் வகுத்த கொள்கையில் உப்பலும் இடம்பெற்றது. இவ்வாறு ஆலையும் அலுவலகமும் அண்டை அயலாய் அமைந்தமையால், சட்ட வரலாற்றில் கருதத்தக்க ஒரு நிலை உருவாயிற்று. ஆலை வாயிலுக்குள் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் செல்லுபடியாயிற்று. அலுவலக வாயிலுக்குள் ஆந்திரப் பிரதேசக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1988 செல்லுபடியாயிற்று. இரண்டுமே பெண்களின் இரவுப் பணியைக் கட்டுப்படுத்தின. ஆனால் இரண்டிலும் கட்டுப்பாடு தளர்ந்த வழி வேறு. அவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் தடையின் தோற்றத்தை முதலில் அறிதல் வேண்டும்.

பருத்திப் பெண்டின் விளக்கு

பெண்கள் இரவில் உழைப்பது மரபுக்குப் புறம்பானது என்னும் கருத்து இவ்விவாதத்தில் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. தமிழின் பழைய சான்றுகள் இதற்கு அரண் செய்யவில்லை. புறநானூற்றின் 326ஆம் பாடல், இருளில் பூனைக்கு அஞ்சிக் கதறும் இளம் பெட்டைக்கோழி, பஞ்சின் குப்பையைப் புடைக்க எழுந்த பருத்திப் பெண்டின் சிறு விளக்கொளியில் சேவலைக் கண்டு அமைதியுறுவதைக் காட்டுகிறது. நூற்கும் பெண்ணின் இரவு வேலை அங்கு வியப்பாகவோ குற்றமாகவோ பேசப்படவில்லை. ஊர் வாழ்வின் இயல்பான ஒரு கூறாகவே அது இடம்பெறுகிறது. நற்றிணை 353ஆம் பாடலோ, ஆண் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை உவமையாகக் கொள்கிறது. தன் கருவியைக் கொண்டு தானே வாழும் பெண் அக்காலச் சமூகத்தில் அறியப்பட்டவள் என்பது இதனால் பெறப்படும்.

இச்சான்றுகளைக் கொண்டு சங்க காலத்தில் பாலினச் சமத்துவம் நிலவியது என நிறுவுதல் பொருந்தாது. நூற்றல் ஏழைப் பெண்களின், குறிப்பாகத் துணையிழந்த பெண்களின் பிழைப்பாக இருந்தது. இரவு உழைப்பு அவர்களுக்கு உரிமையாக அன்றித் தேவையாகவே வாய்த்திருக்கக்கூடும். ஆயினும் 'பெண்ணும் இரவும் பொருந்தா' என்னும் விதி பழமையானதன்று. அது ஆலைக் காலத்தில் எழுதப்பட்ட விதி என்பது தெளிவு.

தடையின் தோற்றம்

இங்கிலாந்தின் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களின் இரவுப் பணியைத் தடுத்தது. 1906இல் பெர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் சில இது குறித்து உடன்படிக்கை செய்துகொண்டன. 1919இல் உருவான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதலாண்டிலேயே பெண்களின் இரவுப் பணிக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதனை 1921இல் ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே பெண்கள் ஆலையில் பணிபுரியலாம் என வரையறுத்தது. மாநில அரசு இந்நேரத்தை மாற்ற அது இடமளித்தது. ஆயினும் இரவு 10 முதல் காலை 5 வரை தடை அம்மாற்றத்தால் நீங்கவில்லை.

இத்தடைக்குப் பின்னிருந்த நோக்கங்கள் பலவாகும். நெடுநேர ஆலை வேலையால் பெண்கள் நலிந்தமை உண்மை. அதைக் கண்டு இரங்கிய சீர்திருத்தவாதிகளின் அக்கறையும் உண்மை. அதே வேளையில் பம்பாய் ஆலைகளின் குறைந்த கூலிக்கும் நீண்ட வேலை நேரத்துக்கும் அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளும் இந்தியாவில் தொழிற்சாலைச் சட்டம் வேண்டுமென வற்புறுத்தினர். இரக்கமும் போட்டியும் ஒரே சட்டத்தில் கலந்தன.

இதனினும் நுட்பமான சான்று 66ஆம் பிரிவினுள்ளேயே அமைந்திருந்தது. மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் மீனைக் கலத்திலடைக்கும் ஆலைகளிலும் மூலப்பொருள் கெட்டுப்போகாதிருக்க வேண்டி, பெண்களுக்கான நேர வரம்பிலிருந்து விலக்களிக்க அப்பிரிவின் உட்பிரிவு இடமளித்தது. பெண்ணின் உடலையும் மானத்தையும் காக்கவே தடை எனின், மீன் கெடும் வேளையில் அக்காப்பு ஏன் நெகிழ வேண்டும்? மருத்துவமனைச் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் விடியுமுன் உழைத்தே வந்தனர். அவர்களை எண்ணி எவரும் தடை கோரவில்லை. பெண்மை காக்கப்பட வேண்டும் என்னும் வாதம் எல்லாப் பெண்களையும் ஒருசேரக் கருதியதன்று என்பதை இவ்விலக்குகள் புலப்படுத்துகின்றன.

கிண்டியில் திருத்தப்பட்ட சொல்

ஆலையில் பெண்ணின் நேரம் வரையறுக்கப்பட்ட அதே காலத்தில், தொழில்நுட்பக் கல்வியின் வாயில் அவளுக்கு ஏறத்தாழ மூடியே இருந்தது. அது திறந்த வரலாற்றில் தெலுங்கு, தமிழ் நிலங்கள் இரண்டுக்கும் பங்குண்டு. 1919இல் சென்னையில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த அ. லலிதா இளமையிலேயே மணமாகி, பதினெட்டாம் வயதில் கைக்குழந்தையுடன் கைம்மை எய்தினார். அவர் தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே. சி. சாக்கோவின் இசைவுடன் லலிதா அங்குச் சேர்க்கப்பட்டார். அவரைத் தொடர்ந்து பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகியோரும் சேர்ந்தனர். ஆணைக் குறிக்கும் ஆங்கிலப் பதிலிப் பெயரே அச்சிடப்பட்டிருந்த பட்டச் சான்றிதழில், அச்சொல்லை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதித் தர வேண்டியதாயிற்று. பின்னர் லலிதா கல்கத்தாவில் மின்பொறியாளராகப் பணியாற்றி, பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் பங்குகொண்டார். 1964இல் நியூயார்க்கில் கூடிய முதலாவது பன்னாட்டுப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

'பொறியாளர்' என்னும் தமிழ்ச் சொல் பலர்பால் ஈறு பெற்று உயர்வு குறிப்பது. அதனுள் ஆணும் பெண்ணும் அடங்குவர். சொல்லமைப்பில் தடையில்லை. ஆயினும் வழக்கில் 'பெண் பொறியாளர்' என அடைகொடுத்துச் சொல்கிறோம். 'ஆண் பொறியாளர்' எனச் சொல்வதில்லை. ஆகவே மொழி இடமளிப்பதும் வழக்கம் இடமளிப்பதும் வேறு வேறு. கிண்டியில் ஒரு சொல் திருத்தப்பட்டது. ஆனால் சான்றிதழ் பெற்ற பெண் எந்நேரத்தில் எங்குப் பணிபுரியலாம் என்னும் விதி அப்படியே நின்றது. நுழைவுரிமை வேறு, பணிச்சூழல் வேறு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

நீதிமன்றத்திலும் ஆணையிலும்

66ஆம் பிரிவின் இரவுத் தடை சென்னை உயர்நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. 'வசந்தா எதிர் இந்திய ஒன்றியம்' எனப்படும் அவ்வழக்கில், 2000 டிசம்பர் 8 அன்று நீதிமன்றம் அத்தடை அரசியலமைப்பின் சமத்துவ உரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பெண்களுக்கெனத் தனி ஏற்பாடுகள் செய்ய அரசியலமைப்பின் 15(3)ஆம் உறுப்பு இடமளிக்கிறது. அவ்வுறுப்பு பெண்ணுக்குத் துணையாகவா, தடையாகவா பயன்பட வேண்டும் என்பதே இத்தகைய வழக்குகளின் மையச் சிக்கல். 2002இல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றமும் 'திரிவேணி' வழக்கில் இதே முடிவுக்கு வந்தது.

சென்னைத் தீர்ப்பின் சிறப்பு தடையை நீக்கியதோடு முடியவில்லை. இரவுப் பணிக்கு நிறுவனம் நிறைவேற்ற வேண்டிய கடமைகளையும் அது வரையறுத்தது. பாலியல் தொல்லையைத் தடுத்தல், பெண்களைத் தனித்து விடாது பத்துப் பேருக்குக் குறையாத குழுவாகப் பணியமர்த்தல், வீட்டிலிருந்து போய்வர வண்டி வசதி, தனி உணவகம், இரு பணிமுறைகளுக்கிடையே 12 மணி நேர ஓய்வு என்பன அவற்றுள் சில. 'பெண் இரவில் பணிபுரியலாமா' என்னும் வினா அகன்று, 'இரவுப் பணி எவ்வாறு அமைந்தால் பெண் அதில் பணிபுரிய இயலும்' என்னும் வினா அவ்விடத்தே எழுந்தது.

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வழி வேறாயிற்று. அமெரிக்காவின் பகல் இந்தியாவின் இரவு. அப்பகலுக்குப் பணிசெய்யும் அழைப்பு மையங்கள் பெண்களின்றி இயங்க இயலாதனவாயின. 2000களின் தொடக்கத்திலேயே ஆந்திர அரசு அந்நிறுவனங்களுக்கு இரவுப் பணி வரம்பிலிருந்து விலக்களித்தது. இவ்விலக்கு நிர்வாக ஆணையாக வந்ததேயன்றி, மன்றத்தில் இரு தரப்பும் வாதிட்டுப் பெற்றதன்று. 2005 டிசம்பரில் பெங்களூரில் அழைப்பு மையப் பெண் ஊழியர் ஒருவர் இரவுப் பணிக்குச் செல்லும் வழியில் வாகன ஓட்டுநரால் கொல்லப்பட்டார். 2013 அக்டோபரில் ஐதராபாத்தின் மேற்குப் பகுதியில் மென்பொருள் நிறுவனப் பெண் ஊழியர் ஒருவர் வாடகை வண்டியில் கடத்தப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானார். பெண்கள் இரவில் வெளிவருவது ஏன் என்னும் பழைய வினா அப்போதும் எழுந்தது. வண்டியை யார் சரிபார்த்தார், ஓட்டுநரை யார் பதிவு செய்தார், நிறுவனத்தின் பொறுப்பு வாயிலோடு முடிகிறதா என்னும் வினாக்களும் எழுந்தன. 2014 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ஷீ' காவல் குழுக்கள் இரண்டாம் வகை வினாக்களின் விளைவெனலாம்.

உப்பலுக்கும் இது பொருந்தும். 2017 நவம்பரில் மெட்ரோ இரயில் உப்பலை அடைந்தது. 2019இல் அதே தடம் மேற்கே ஹைடெக் சிட்டி வரையும், அதற்கப்பால் ராயதுர்கம் வரையும் நீண்டது. உப்பல் பகுதியில் தங்கி மேற்கே பணிபுரியும் பெண்ணுக்கு இது பெரும் வசதி. ஆயின் நள்ளிரவில் அவ்வண்டிகள் ஓடுவதில்லை. பணிமுறை முடியும் நேரத்தில் அவள் நம்பியிருப்பது நிறுவன வண்டியையும் அதனை இயக்குபவரையுமே. இரவுப் பணியுரிமை சாலையில் நிறைவேறினாலன்றிச் சட்ட நூலில் நிறைவேறுவதில்லை.

'இயல்பு' என்னும் வாதம்

பெண்ணின் இயல்பை அடிப்படையாகக் கொண்ட வாதத்துக்கு நெடிய வரலாறு உண்டு. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முல்லர் எதிர் ஓரிகன் வழக்கில், பெண்ணின் உடலமைப்பையும் தாய்மையையும் காரணம் காட்டி அவளது வேலை நேரத்தை வரம்பிடும் சட்டத்தை ஏற்றது. 2017இல் கூகுள் நிறுவனப் பொறியாளர் ஒருவர், மென்பொருள் துறையில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு உயிரியல் வேறுபாடுகளும் ஒரு காரணமெனக் குறிப்பு எழுதினார். நிறுவனம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. அவ்விவாதம் விரைவில் இரு அணிகளின் பூசலாயிற்று. பணியிட அமைப்பு பற்றிய பேச்சு பின்தங்கியது.

இவ்வாதத்தைச் சினமின்றிச் சோதிக்கச் சான்றுகள் உள. 1946இல் வெளியுலகுக்கு அறிமுகமான எனியாக் கணிப்பொறிக்கு நிரல் அமைத்த முதல் அணியினர் ஆறு பெண்கள். கணினி அறிவியல் பட்டம் பெறுவோரில் அமெரிக்காவில் பெண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். இந்தியாவில் அவர்கள் பங்கு அதனினும் மிகுதி. நாட்டுக்கு நாடும் காலத்துக்குக் காலமும் மாறும் ஒன்றை இயல்பால் மட்டும் விளக்க இயலாது. இவ்வாறு சான்று காட்டி மறுப்பது எதிரியை வாயடைப்பதினும் பயனுடைத்து.

மறுதரப்பிலும் குறையுண்டு. 1929இல் பெர்லினில் தோன்றிய ஓப்பன் டோர் அமைப்பினர் பெண்களுக்கான தனிக் காப்புச் சட்டங்கள் அனைத்தையும் எதிர்த்தனர். காப்பு நீங்கினால் நலிந்த தொழிலாளிப் பெண்ணுக்கு எஞ்சுவது என்ன எனத் தொழிற்சங்கப் பெண்கள் வினவினர். இரு தரப்பாரும் பெண்ணுரிமை பேசியவர்களே. இச்சிக்கலுக்கு 1990இல் ஒரு வழி காணப்பட்டது. அவ்வாண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற இரவுப் பணி உடன்படிக்கை, ஆண், பெண் இருபாலருக்கும் இரவுப் பணியால் விளையும் தீங்கைக் கருத்திற்கொண்டு உடல்நலச் சோதனை, ஓய்வு, மகப்பேற்றுக் காப்பு ஆகியவற்றை வகுத்தது. பெண்ணின் இயல்பைப் பற்றிய ஆய்வு, இரவுப் பணியின் இயல்பைப் பற்றிய ஆய்வாக மாறியது.

'பெண்' என்னும் சொல்லுள் அடங்குவோர்

பெண் என்னும் ஒற்றை அடையாளம் பல நிலைகளை மறைக்கவும் கூடும். இரவில் ஒளிரும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் நிரல் எழுதும் பெண்ணும், வாயிற்காவல் புரியும் பெண்ணும், தளம் துடைக்கும் பெண்ணும் உளர். பின்னிருவர் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர். நிறுவன வண்டி முதலாமவரை வீட்டு வாயிலில் இறக்குகிறது. மற்றவருக்கும் அவ்விருக்கை உண்டா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்ததாகிறது. பணியின் படிநிலையோடு சாதியின் படிநிலையும் பலவிடத்து ஒட்டியே வருகிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் ஒப்பந்தப் பணியாளரையும் ஊழியராகவே கொள்கிறது என்பது இவண் கருதத்தக்கது. 2014இல் உச்ச நீதிமன்றம் திருநங்கையர், திருநம்பியரின் பாலின அடையாளத்தை ஏற்றபின், 'பத்துப் பெண்கள் கொண்ட குழு' என்னும் விதியில் யார் யார் எண்ணப்படுவர் என்னும் வினாவும் எழுகிறது.

அடையாளத்தை முன்னிறுத்தும் ஏற்பாடு பிறரைப் பகைக்காது அமையவும் கூடும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் 2018 முதல் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. இருந்த இடங்களைக் குறைக்காமல் புதியன சேர்க்கப்பட்டமையால், தகுதி குறித்த எதிர்ப்பு எழுந்தபோதும் ஏற்பாடு நிலைத்தது.

முடிவுரை

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், பெண்கள் தம் சம்மதத்துடன், பாதுகாப்பு நிபந்தனைகளுக்குட்பட்டு இரவில் பணிபுரியலாம் என்கிறது. ஒரு நூற்றாண்டுத் தடை இதனால் முடிவுற்றது. இனி விவாதம் 'சம்மதம்' என்னும் சொல்லைச் சுற்றியே அமையும். மறுத்தால் பதவி உயர்வோ பணியோ போகுமெனில் அது சம்மதமாகாது. கேளாமலே விலக்கி வைப்பின் அது காப்புமாகாது.

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். பெண் இரவில் உழைப்பது புதுமையன்று. அதற்கான தடையே புதுமை. தடையும் விலக்கும் எல்லாப் பெண்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தவில்லை. இயல்பு பற்றிய வாதம் அணிகளை உருவாக்கியது. பணியிடம் பற்றிய வாதம் விதிகளை உருவாக்கியது. நிறுவனத்தின் கடமை முன்கூட்டியே வாதிக்கப்படாதவிடத்து, அதன் குறையைக் குற்றங்கள் நிகழ்ந்தபின்னரே சமூகம் உணர்ந்தது.

பருத்திப் பெண்டு தன் விளக்கைத் தானே ஏற்றிக்கொண்டாள். அவள் வேலை செய்ததும் தன் மனையில். உப்பலில் இரவுப் பணிமுறை முடிந்து வெளிவரும் பெண்ணுக்கு அப்பொறுப்பு அவளுடையது மட்டுமன்று. நிறுவனமும் நகரும் சட்டமும் அதில் பங்குகொள்ள வேண்டும். அப்பங்கு எவ்வளவு என்பதை ஆராயும் விவாதமே இத்துறையில் ஆக்கம் தரும் விவாதம் எனலாம்.